சிஸ்டர்ஜி பார்த்த காலண்டர்

எங்கள் மாமா பாளையங்கோட்டையிலிருந்து டெல்லிக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு பெட்டியும் தோளில் ஒரு கீபோர்டும் இருந்தன. பெட்டியை ஆட்டோக்காரர் தூக்கலாம், கீபோர்டை நாங்கள்கூடத் தொடக் கூடாது. ஜனக்புரியில் எங்களுக்கு இரண்டே அறை. அதில் ஒன்று அன்றிலிருந்து மாமாவுக்கும் கீபோர்டுக்கும் மிச்ச இடம் எனக்கும் என்று ஆனது.

அப்பாவுக்கு ஒரே கவலை. "ஒன் தம்பி நல்லாத்தான் வாசிக்கான். இவன் இங்க இருக்கான்னு எவனுக்குத் தெரியும்?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓக்லாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தார். ஈஸ்டருக்குள் வாசிப்பில் ஒரு வழி பிறக்காவிட்டால் மாமா அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பேச்சு.

மாமா கண்டுபிடித்த வழி ஃபோன். அப்பாவின் ஆபீஸ் கொடுத்த ஃபோன் ஒன்று வீட்டில் இருந்தது. அந்த நம்பரைக் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள், கேசட் போடுகிறவர்கள், கரோல் பாக்கில் வாத்தியம் விற்கிற கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு எங்களுக்குப் பாடம் நடந்தது. யார் கூப்பிட்டாலும் மாமா ஸ்டுடியோவில் இருக்கிறார். 'டைரி பார்க்கிறேன்' என்று சொல்லி, ஆணியில் தொங்கும் காலண்டர் தாள்களை ரிசீவர் பக்கமாகச் சலசலவென்று புரட்ட வேண்டும். சும்மா இருக்கிறவனை எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான் என்பது மாமாவின் கட்சி.

நான் அதில் கெட்டிக்காரி. அப்பா சுமார். அம்மா தேறவே இல்லை. அவள் நர்ஸ், பொய் வராது. 'பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு நிஜமாகவே காலண்டரைப் பார்ப்பாள். காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியும் விடுவாள். மாமா சோபாவில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொள்வார். அம்மாவின் ஹிந்தி வேறு வார்டில் கற்ற ஹிந்தி. படு, எழுந்திரு, வாயைத் திற என்று எல்லாமே கட்டளையாக வரும். கூப்பிட்டவர்கள் தாங்களே நோயாளி ஆகிவிட்டதுபோல 'ஜீ சிஸ்டர்ஜி' என்று அடங்கிப்போவார்கள்.

ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை பெரிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஃபோன் வந்தது. விளம்பரப் பாட்டு, மறுநாள் காலையில் கீபோர்டுக்கு ஆள் வேண்டும். டூட்டி முடிந்து வந்த அம்மா ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பேசினாள். மாமா எழுந்து நின்று, சரியென்று சொல், சொல் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே, வாசிக்க வேண்டியதை எழுதிக் கொடுப்பீர்களா, பாடிக் காட்டுவீர்களா என்று கேட்டாள். எழுதித்தான், ஆளுக்கொரு தாள் என்றார்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் என் தம்பி சரிப்பட மாட்டான், அவன் காதால் கேட்டு வாசிக்கிறவன், தாளைப் பார்த்து வாசிக்க எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர் இருக்கிறார் என்று சொல்லி, மருந்துச் சீட்டைப் படிக்கிற நிதானத்தில் அவர் நம்பரைக் கொடுத்துவிட்டு ஃபோனை வைத்தாள்.

"எக்கா, நீ என் கூடப் பொறந்தவதானா?" என்றார் மாமா.

"அதனாலதாம்ல சொன்னேன்."

"ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும், வாசிச்சிருவேன்."

"அங்க ஒனக்குன்னு எவன் ஒரு தடவ வாசிச்சுக் காட்டுவான்? பத்துப் பேரு தாளப் பாக்கையில நீ மட்டும் ஃபேனப் பாத்துட்டு இருப்பியா? வார்டுல எனக்குத் தெரியாத மெஷின நான் தொடமாட்டேன். தெரிஞ்ச சிஸ்டரக் கூப்பிடுவேன். அதுல என்ன கொறச்சல்?"

"சரி, நான் ஓக்லாவுல போயி நட்டு போல்டு எண்ணுதேன். ஒனக்கு சந்தோசந்தான?"

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். மாமா தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். எலும்புக்குள் வந்து குடித்தனம் பண்ணுகிற குளிர் என்று அப்பா சொல்வாரே, அந்தக் குளிர். நான் மாமா கட்சி, என் தட்டும் பின்னாலேயே போயிற்று. அம்மா சூடாகச் சப்பாத்தி கொண்டுவந்து போட்டபோது இருவரும் எதிர்வீட்டு சர்தார்ஜியின் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போர்வையைக் கொண்டுவந்து மாமா தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மாமாவுக்குச் சில கல்யாணங்கள் வந்தன, ஸ்டுடியோ வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. அப்பா ஓக்லாவுக்கு எந்தப் பஸ் என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு சாயங்காலம் ஃபோன் அடித்தது, நான்தான் எடுத்தேன். மாமா ஸ்டுடியோவில் இருக்கிறார் என்றேன், டைரி பார்க்கிறேன் என்றேன், பிரமாதமாகச் சலசலக்கவும் செய்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"டைரி ரஹ்னே தோ பேட்டா. சிஸ்டர்ஜி கோ புலாவோ."

டைரி கிடக்கட்டும், சிஸ்டர்ஜியைக் கூப்பிடு என்கிறார். அம்மாவுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாதே என்றேன். ஆள் தெரியாமல் கேட்கிறார் பாவம் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. "மாலூம் ஹை. ஜல்தி புலாவோ" என்றது குரல். தெரியுமாம், சீக்கிரம் கூப்பிட வேண்டுமாம்.

சோபாவிலிருந்து எழுந்து வந்த மாமா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். அவரே பேசியிருக்கலாம். பேசவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "எக்கா, ஒனக்குத்தான்" என்றார்.

அம்மா மாவுக் கையோடு வந்தாள். மாமா ரிசீவரை அவள் காதோரம் பிடித்துக்கொண்டார். அதே ஸ்டுடியோ. கஜல் பாடுகிற பெரியவர் ஒருவராம். எழுதின தாள் எதுவும் கிடையாதாம், தோன்றியபடி பாடுவாராம். போன தடவை மாதிரியே சரியான ஆளாக அனுப்ப வேண்டுமாம். அம்மா தன் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டு, "ருக்கோ, தேக்தி ஹூம்" என்றாள். இரு, பார்க்கிறேன் என்று வார்டுக் கட்டளை.

மாமா இன்னொரு கையால் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார். அம்மா மாவு விரலால் தாள்களைப் புரட்டினாள். அந்த வாரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"காலி ஹை. மேரா பாயி ஆயேகா" என்றாள், காலியாகத்தான் இருக்கிறது, என் தம்பி வருவான் என்று.

பேச்சு முடிந்த பிறகும் மாமா ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாள்கள் அவ்வளவு நன்றாகச் சலசலத்திருந்தன. அப்பா வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ஓடிப்போய்ச் சொன்னேன், அம்மா கடைசியில் மாமாவின் தந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று.