மயில் கத்தி எந்த ஊர்க் கத்தி?

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, ஒரு வருஷமாகத் தகவலே இல்லாமல் போயிருந்த என் சித்தப்பாவிடமிருந்து வீட்டுக்கு ஒரு கத்தி வந்தது. கடிதம் கிடையாது, துண்டுச் சீட்டு கிடையாது. எங்கள் மலைக்கு வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர், கீழே அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்ததாகச் சொல்லி அப்பாவின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டு விசில் ஊதிப் போய்விட்டார். மேலே அப்பாவின் பெயர் சித்தப்பாவின் கோணல் எழுத்தில் இருந்தது. சுற்றியிருந்தது இந்திப் பேப்பர்.

சித்தப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். வடக்கே எங்கேயோ என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். முதலில் கொஞ்ச நாள் போன் பேசினார். அதன் பிறகு அந்த நம்பரில் ஒரு பெண்தான் பேசிக்கொண்டிருந்தாள், அதுவும் சுவிட்ச் ஆஃப் என்று. சித்தி எங்களோடுதான் இருந்தாள். மிளகு காயப்போடுவாள், கப்பைக்கிழங்கு பிடுங்குவாள், பஸ் சத்தம் கேட்டால் ரோட்டைப் பார்ப்பாள்.

கத்தி மடக்குக் கத்தி. என் கையை விடக் கொஞ்சம்தான் நீளம். கறுப்புக் கொம்பில் பிடி, அதில் பித்தளைக் கம்பியைப் பதித்து ஒரு மயில், மயிலின் கண்ணுக்கு ஒரு சிவப்புக் கல். விரித்தால் அலகு முழுக்கக் கொடி ஓடியது. அதை வைத்து வெங்காயம் நறுக்க யாருக்கும் மனசு வராது. எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இருவருக்கும் உறவு அறுந்துபோகும் என்று, தரையில் வைத்துத்தான் மற்றவர் எடுக்க வேண்டும். அப்பா தரையில் வைத்தார். அம்மா எடுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். சித்தி எடுக்கவேயில்லை, குனிந்து பார்த்ததோடு சரி.

“கத்தியப் போயி ஆராச்சும் ஊட்டுக்கு அனுப்புவாங்களா?” என்றாள் அம்மா. அப்பா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் யோசனை சுலபமானது. கத்தி எந்த ஊர் என்று தெரிந்தால் தம்பி எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ரயில் ஏறிப் போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். சித்தியும் அதைத்தான் நம்பினாள். யாராவது கத்தியைப் பற்றிப் பேச வாயெடுத்தால் கதவோரம் வந்து நின்றுகொள்வாள்.

ஆளாளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். பட்டாளத்திலிருந்து வந்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர் நேபாளம் என்றார். கீழ்நாட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்திருந்த டீச்சர், இப்படி மயில் போடுவது ராஜஸ்தானில்தான் என்று சாதித்தார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் ராம்பூர், காஷ்மீர், பஞ்சாப் என்று பதில் குவிந்தது. ஒருவர் அது கத்தியே இல்லை, பாக்குவெட்டி என்றார். இன்னொருவர் கத்தியைக் கண்டுகொள்ளாமல் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். எனக்குத் தலை சுற்றியது. சித்தப்பா எப்படி இத்தனை ஊரில் இருக்க முடியும்?

வந்தவர் போனவர் எல்லாம் விரித்து மடக்கிப் பார்த்ததில் கத்தி ஒருநாள் பாதியில் இறுகி நின்றுவிட்டது. அப்பா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு, மலைக்குக் கீழே இருக்கும் பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கிளம்பினார். கொண்டை ஊசி வளைவுகளில் நான் நாலு தடவை வாந்தி எடுத்தேன்.

சந்தைக்குப் பக்கத்தில் பட்டறை போட்டிருந்த ஆசாரி கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது நம்ம கத்தியாச்சே!”

அப்பா சிரித்தார். விளையாடாதீங்க, இது வடக்கே செய்தது என்றார். ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “லாரி ஸ்பிரிங் பட்டையைக் காச்சி நானே அடிச்சதுங்க இது” என்று மரப்பெட்டியைத் திறந்து இன்னொரு கொம்புப் பிடியை எடுத்துக் காட்டினார். அதில் மயில் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. பெட்டிக்குப் பின்னால் இந்திப் பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பொட்டலம் மடிக்க எந்த பாஷையாக இருந்தால் என்ன என்று சொன்னார்.

யார் வாங்கியது என்று அப்பா கேட்டார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“பக்கத்துச் செங்கச் சூளையில வேலை பாக்குறாருங்க. நெத்தியில தழும்பு இருக்கும். வாராவாரம் சம்சாரத்தோட சந்தைக்கு வருவாரு, கைக்கொழந்தை ஒண்ணு இருக்குது. அண்ணனுக்குக் குடுக்கோணும், நல்லா மயிலு போட்டுத் தாங்கன்னு சொன்னாருங்க.”

பலாமரத்திலிருந்து விழுந்து சித்தப்பாவுக்கும் நெற்றியில் தழும்பு உண்டு. ஆனால் சித்தி வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கு ஏது கைக்குழந்தை? “அப்பா, அப்ப அது நம்ம சித்தப்பா இல்லதானே?” என்றேன்.

“ஆமாங் கண்ணு. அவன் இல்ல.”

ஆசாரி எண்ணெய் விட்டுச் சரிசெய்து கத்தியைச் சாக்கின் மேல் வைத்தார். அப்பா அதை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகு எனக்கு மட்டும் போண்டா வாங்கிக் கொடுத்தார். சூளை இருந்த பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார், மறுபடி திரும்பினார். கடைசியில் பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும், “ராஜஸ்தான்தானாம். ஆசாரி அடிச்சுச் சொல்றாரு. அவ்வளவு தூரம் போயி எங்கன்னு தேடறது, அவனா வரட்டும்” என்று அப்பா சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மறுநாள் மிளகு காய்ந்துகொண்டிருந்த இடத்தில் சித்தி என்னைக் கூப்பிட்டாள். ஆசாரியைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். அவள் வேறு எதையோ கேட்டாள்.

“ஏன் சாமி, உங்கப்பா சந்தையில என்ன சாப்பிட்டாரு?”

“ஒண்ணுமே சாப்பிடல சித்தி. டீ கூடக் குடிக்கல.”

சித்தி மிளகைக் கையால் பரப்பிவிட்டாள். பரப்பியதையே திரும்பத் திரும்பப் பரப்பினாள்.

அடுத்த சந்தை நாளன்று, வரமிளகாய் வாங்க வேண்டும் என்று சித்தி தனியாகக் கிளம்பினாள். அம்மா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்கால பஸ்ஸில் திரும்பியபோது முகம் வீங்கிக் கிடந்தது. வரமிளகாயைக் காணோம். பஸ்ஸில் வாந்தி என்றாள். எங்கள் வீட்டில் அந்த வளைவுகளில் வாந்தியே எடுக்காதவள் அவள் ஒருத்திதான்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சித்தி சமையலறை வாசலில் நின்று, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

“நானும் ஆசாரியக் கேட்டேனுங்க மாமா. ராஜஸ்தான்தானாமுங்க. ரொம்பத் தூரமாமுங்க.”

“நாந்தான் அப்பவே சொன்னேனே” என்றார் அப்பா. அவரும் அவளைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேளுக்குறிச்சிக் கத்தி என்று ஆசாரி சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டிருந்தேன். எங்களிடம் ஒன்று சொல்லிவிட்டுச் சித்தியிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறாரே, இந்தப் பெரிய மனுஷன் இப்படிப் பொய் சொல்லலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெகுகாலம் அந்த ஆசாரியை நான் மன்னிக்கவேயில்லை.