துளசி திறக்காத படலை

நான் என் மகள்மீது பொய்ப்பழி சுமத்தினேன். அவளுக்கு ஏழு வயது.

கோபத்தில் வாய் தவறிச் சொன்னதல்ல. யாரோ சொன்னதை நம்பிச் சொன்னதுமல்ல. அவள் அதைச் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே, செய்தது நான் என்று தெரிந்துகொண்டே, அவளைக் காட்டிக்கொடுத்தேன். நான்கு மாதங்கள் ஆகின்றன. இன்றுவரை திருத்தவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பின்னால் வருவதைக் கேட்டு நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

எங்கள் வீடு இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றின் ஓரம். வேலியில் உள்ள படலைக்கு வெளியே ஒழுங்கை, ஓர் ஒடுங்கிய மண் பாதை. ஒழுங்கையைத் தாண்டினால் வாய்க்கால். அதற்கப்பால் வயல். என் கணவர் வயல் செய்கிறார். உழவு இயந்திரமும் ஓட்டுகிறார். மூத்தவள் துளசி. அடுத்தவன் கபிலன், அப்போது அவனுக்கு இரண்டரை வயது. மூன்றாவது பிள்ளை என் வயிற்றில் ஐந்து மாதம்.

சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட அன்றே அவர் படலையில் புதிதாக ஒரு கொளுக்கி அடித்தார். கபிலனுக்கு எட்டாத உயரத்தில்.

"மதி, என்ன அவசரம் எண்டாலும் இதைப் போட்டிட்டு வாரும். தண்ணி முட்டப் போகுது" என்றார்.

"ஓம்" என்றேன்.

அன்று பிற்பகல் பாரிசிலிருந்து என் தங்கை எடுத்தாள். வீட்டுக்குள் போன் சிக்னல் சரியாக இழுப்பதில்லை. அதனால் ஒழுங்கைக்கு இறங்கி நின்று கதைத்தேன். வெயில் தாங்க முடியவில்லை, கால்கள் வீங்கியிருந்தன. திரும்ப வந்தபோது ஒரு கையில் போன், மற்றக் கை இடுப்பில். படலையை முழங்கையால் தள்ளிச் சாத்தினேன். கொளுக்கி தொங்கிக்கொண்டிருந்தது... பார்த்தேன். ஆம், பார்த்தேன். பிறகு போடலாம் என்று நினைத்தேன்.

மறதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. 

விட்டுவிட்டுத்தான் கேட்டது என்றாலும், விறாந்தையில் பாயைப் போட்டுச் சரிந்து படுத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கதை. தங்கை ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். துளசி உள்ளே மேசையில் பள்ளிக்கூட வேலை எழுதிக்கொண்டிருந்தாள். கபிலன் முற்றத்தில் ஒரு தகரப் பேணிக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேணியின் சத்தம் எப்போது நின்றது?... எனக்குத் தெரியாது. எத்தனை தடவை யோசித்தும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கேட்டது வசந்தியக்காவின் குரல். பக்கத்து வளவுக்காரி. மாட்டுக்குப் புல் அறுக்க வாய்க்கால் கரைக்குப் போயிருந்தவர்.

"மதி, ஓடி வா! பிள்ளை, பிள்ளை!"

நான் படலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் கபிலனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஏறிவிட்டார். மார்பளவுக்கு நனைந்திருந்தார். பிள்ளையின் தலை அவர் கையில் தொங்கியது. உதடு நீலம். அவர் அவனைக் குப்புறத் திருப்பி முதுகில் தட்டினார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. ஆனால் அழுகை வரவில்லை. மறுபடியும் தட்டினார். வயிற்றுக்குள் இருந்த பிள்ளைகூட அசையாமல் இருந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது.

பிறகு அவன் இருமினான். அழுதான்.

வயலுக்குள் நின்ற என் கணவர் வரம்பால் ஓடி வந்தார். மகனை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். திறந்து கிடந்த படலையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஆர் இதைத் திறந்து விட்டது?"

அவர் அடிக்கிற மனிதர் அல்ல. கத்துகிற மனிதரும் அல்ல. அப்படியென்றால் எதற்குப் பயந்தேன்? என் கையில் போன் இன்னும் இருந்தது. அதற்குள்ளிருந்து தங்கை "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அதை அமர்த்தினேன். பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத ஒருத்தியின் வயிற்றில் இன்னொரு பிள்ளை என்று அவர் ஒரு கணம் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் என்னை அப்படிப் பார்க்கும் பார்வையை நினைத்துப் பயந்தேன்.

துளசி வாசலில் வந்து நின்றாள். கையில் பென்சில்.

"துளசிதான்... வெளியிலை போயிட்டு வந்தவள். கொளுக்கி போடேல்லைப் போலை."

'போலை.' அந்தச் சொல்லை ஏன் சேர்த்தேன் தெரியுமா? பின்னால் பிடிபட்டால் ஒதுங்கிக்கொள்ள. அந்த நிலையிலும் என் புத்தி அவ்வளவு தெளிவாக வேலை செய்திருக்கிறது.

துளசி என்னைப் பார்த்தாள். 'இல்லை' என்று அவள் சொல்லவில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?... 'பொய் சொல்லாதை' என்று அவளை அதட்டியிருப்பேனோ? அந்தக் கேள்விக்குள் போக எனக்கு இப்போதும் துணிவில்லை.

கபிலனை இரண்டு நாட்கள் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். "சின்னப் பிள்ளைதானே, அவளுக்கு என்ன தெரியும், ஏசாதேங்கோ" என்றார் வசந்தியக்கா, துளசியின் தலையைத் தடவி. ஏசியிருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். அவர்கள் அவளை மன்னித்தார்கள். அவள் செய்யாத குற்றத்துக்கு, வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வீடு திரும்பிய அன்று மாலை துளசியைக் காணவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். நான் குசினிக்குள் நின்றேன். அவர் அவளிடம் போனது யன்னலால் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில், நிலத்தில், அவரும் குந்தினார்.

"இஞ்சை பாரம்மா. அப்பாவும் ஒருக்கா விட்டனான்" என்றார்.

"ஆரை?"

"என்ரை தம்பியை. சண்டை நேரம், சனத்துக்குள்ளாலை நடந்து போறம். நான்தான் அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போனனான். கை வேர்த்துப் போச்சு. மற்றக் கையாலை பிடிப்பம் எண்டு விட்டனான். அவ்வளவுதான்."

"பிறகு பிடிச்சனீங்களோ?"

"இல்லை. ஆனா உன்ரை தம்பி வந்திட்டானெல்லே? நீ அழக்கூடாது."

எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். அவருக்கு ஒரு தம்பி இருந்தார், யுத்த நாட்களில் இல்லாமல் போனார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. தன் தாயிடம்கூடச் சொன்னாரோ தெரியாது. அதை அன்று அவர் எடுத்து ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தார். என் பொய்யை ஆற்றுவதற்காக.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யன்னலிலிருந்து கோழிக்கூட்டுக்கு இருபது அடி. நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

அதன்பின் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இனிச் சொன்னால் படலையைப் பற்றி மட்டுமா சொல்ல வேண்டும்? அவர் அன்று அங்கே குந்தியிருந்ததையும் நான் வீணாக்கிவிட்டேன் என்றல்லவா சொல்ல வேண்டும்... நீங்களே சொல்லுங்கள், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

போன மாதம் குடும்பநல மாது வீட்டுக்கு வந்தார். என் வயிற்றை அளந்தார். பிள்ளை நல்லாயிருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற துளசியைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்குத் தம்பியோ தங்கச்சியோ வேணும்?"

"ஒண்டும் வேண்டாம்" என்றாள் துளசி. "பிள்ளை வரேக்கை என்னை மாமி வீட்டை விடுங்கோ. நான் பாக்க மாட்டன். நான் பாத்தா ஏதும் நடந்திடும்."

குடும்பநல மாது என்னைப் பார்த்தார். "சும்மா சொல்லுறாள்" என்றேன். இன்னுமொரு பொய். இப்போது அவை எனக்கு இலகுவாக வருகின்றன.

கபிலனைத் துளசி தூக்குவதில்லை. அவன் அவளிடம் ஓடி வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். பாடசாலையிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "தம்பி எங்கை?" என்பதுதான். அவன் இருக்கிறான் என்று கண்டபிறகுதான் சப்பாத்தைக் கழற்றுகிறாள்.

நேற்றுப் பிற்பகல் அவளை அறைக்குள் கூப்பிட்டேன். கட்டிலில் பக்கத்தில் இருத்தினேன். கணவரிடம் சொல்ல முடியாவிட்டாலும், உரியவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன்.

"துளசி, அண்டைக்குப் படலையைத் திறந்து விட்டது நீ இல்லை. அம்மாதான். அம்மா கொளுக்கி போடேல்லை. அம்மா பொய் சொன்னனான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அதற்கும் ஆயத்தமாக இருந்தேன்.

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். பெரியவர்கள் அவளுக்குச் செய்தது போலவே.

"இல்லையம்மா. நான்தான் திறந்தனான். வெளியிலை ஒரு பூனைக்குட்டி நிண்டது. வெள்ளைக் குட்டி. அதைப் பாக்கப் போய்ட்டுக் கொளுக்கி போட மறந்திட்டன். எனக்கு நல்ல ஞாபகம்."

பூனைக்குட்டி எதுவும் இருக்கவில்லை. அவள் அன்று மேசையை விட்டு எழும்பவே இல்லை. வசந்தியக்கா கத்தும் வரைக்கும் அவளுடைய பென்சில் கொப்பியில் உரசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"இல்லைக் குஞ்சு, நீ உள்ளை இருந்து எழுதினனி..."

"நான் அழுவன் எண்டுதானே இப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்றாள். "அப்பாவும் எனக்காகத்தான் தன்ரை தம்பியின்ரை கதை சொன்னவர்."

நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அதைவிடப் பெரியது நடந்திருந்தது. நான் கொடுத்த பொய்யை அவள் நான்கு மாதங்கள் தனியே வைத்துப் பார்த்துப் பார்த்து, விடுபட்ட இடங்களையெல்லாம் தானே நிரப்பியிருக்கிறாள். என் உண்மை அவளுக்கு இப்போது ஓர் ஆறுதல் வார்த்தை. அவ்வளவுதான்.

இனி அவள் நம்பக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்றால் அது அவளுடைய அப்பா. அவர் சொன்னால் நம்புவாள். அப்படியானால் முதலில் நான் அவரிடம் சொல்ல வேண்டும்...

நாளை மறுநாள் என்னை வைத்தியசாலையில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். உடுப்புப் பை கட்டியாயிற்று. துளசியை மாமி வீட்டில் விடுவதாக ஏற்பாடு. பிள்ளைப்பேற்றில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்படியானால் இந்த உலகத்தில் உண்மை தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வது எளிது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒழுங்கைக்குள் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்கிறது. அவர் வருகிறார். இந்தச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் ஓடிப்போய்ப் படலையைத் திறப்பவள் துளசிதான். இப்போது அவள் அதைத் தொடுவதில்லை.

இயந்திரம் வெளியே நின்று இரைகிறது. நான்தான் எழும்பிப் போக வேண்டும்.