அழைப்பிதழும் அந்தக் கறுப்பு ஸ்கிரீனும்

சூடான சிபியூவுக்குன்னு ஒரு வாசம் இருக்குங்க... தூசியும் பிளாஸ்டிக்கும் சேந்து வெந்த மாதிரி. அவிநாசில நான் மொதமொதல்ல வேலைக்குப் போன அச்சாபீஸ்ல எந்நேரமும் அந்த வாசம்தான். இப்பவும் எங்கயாச்சும் மூக்குல ஏறுச்சுன்னா அந்த ஒரு நாளுதான் ஞாபகத்துக்கு வருது.

நேத்து குரூப்ல புடிச்ச லினக்ஸ் டெஸ்க்டாப் எதுன்னு கேட்டிருந்தீங்கல்ல... அதான் எழுதறேன்.

பிரஸ் ஓனர் சாந்தாமணியக்கா. இருந்தது ஒரே சிஸ்டம், விண்டோஸ் இல்லீங்க, உபுண்டுங்கற பழைய லினக்ஸ். கல்யாணப் பத்திரிகையெல்லாம் இங்க்ஸ்கேப்ங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல நான்தான் டைப் பண்ணுவேன்.

எனக்கு உசுரு அதுல இருந்த க்யூப் எஃபெக்ட். கீயப் புடிச்சு மவுச இழுத்தா டெஸ்க்டாப்பே பொட்டியாட்டச் சுத்தும். வர்ற கஸ்டமருக்கெல்லாம் சுத்திக் காட்டாம உடமாட்டேன்... அத்தன திமிரு.

நம்ம பக்கம் பத்திரிகைல பேரு போடறது லேசுப்பட்ட காரியமில்லீங்க. யாரு முன்ன, யாரு பின்னன்னு மாறுச்சுன்னா மண்டபத்துலயே சண்ட. தாராபுரத்து மணியண்ணன், கல்யாணப் பொண்ணோட அப்பா, மூணு நாளா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பேருக்கும் ஸ்கிரீன்ல வெரல் வெச்சுச் சரி பாத்தாரு. இனி எதுக்குன்னு அவரு பேரு எழுதிக் குடுத்த துண்டுச்சீட்டெல்லாம் நானே கிழிச்சுப்போட்டேன்.

அவரு கடைசியா ஒருக்கா பாத்துட்டா அன்னைக்கே அச்சு ஏத்தணும்.

அவரு வர்றதுக்குள்ள க்யூபுக்கு ஒரு புது எஃபெக்ட் போடலாம்னு ஆச. சிஸ்டத்துல இருக்கற பைத்தான்ங்கற பழைய சாஃப்ட்வேர எடுத்துப்போட்டுப் புதுசு போடுன்னு ஏதோ ஃபோரம்ல எழுதியிருந்துச்சு. கமாண்ட் அடிச்சேன். அதுகூடச் சேந்து வேற என்னென்ன சாஃப்ட்வேர் போகப்போகுதுன்னு நீளமா ஒரு பேரு லிஸ்ட் வந்து, சரியான்னு கேட்டுச்சு.

படிக்கவே இல்லீங்க... ஆமான்னு ஒய் அமுக்கிப்போட்டேன்.

ரீஸ்டார்ட் ஆனதும் மெனு இல்ல, ஐகான் இல்ல. முழுக்கக் கறுப்பு. மூலைல ஒரு வெள்ளக்கோடு மட்டும் சிமிட்டிட்டு இருந்துச்சு.

அக்கா எட்டிப் பாத்து என்னாச்சு கண்ணுன்னாங்க. அதுவாப் போயிருச்சுங்கக்கான்னு பொய் சொன்னேன். சொல்லி வாய மூடல... மணியண்ணன் வந்துட்டாரு. அப்டேட் ஆகுதுங்கன்னு அவருகிட்ட இன்னொரு பொய்.

சேர இழுத்துப்போட்டு உக்காந்தாரு. மெதுவாச் சொன்னாரு.

"அம்மணி, அந்த மூணாவது பேரு இருக்குதுல்லங்க, அது என்ற தங்கச்சி ஊட்டுக்காரரு. என்ற மூத்த பொண்ணு கல்யாணப் பத்திரிகைல அவரு பேரு உட்டுப்போச்சு. அன்னைலருந்து தங்கச்சி எங்கூடப் பேசறதில்லீங்க. நாளைக்கு மொதப் பத்திரிகைய அவ ஊட்டுக்குத்தான் கொண்டுபோறேன்."

அதக் கேட்டதும் எந்திரிச்சு நின்னுட்டேன்.

"அண்ணா... நாந்தாங்க கெடுத்துப்போட்டேன்."

அவரு திட்டவே இல்ல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

பாஸ்வேர்ட் அடிச்சு, உள்ள என்ன ஃபைல் இருக்குன்னு காட்டற கமாண்டக் குடுத்தேன். பத்திரிகைக்குத் தமிழ்லதான் பேரு வெச்சிருந்தேன். அந்த எடத்துல எழுத்தே இல்ல... வெறும் கட்டம் கட்டமா. உள்ள இருக்கற பேரும் இப்படித்தான் கட்டமாயிருக்கும்னு நெனச்சு அழுதே போட்டேன்.

காலேஜ் ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டேன். கறுப்பு ஸ்கிரீனுக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாதுடி, போனது டெஸ்க்டாப் மட்டுந்தான், ஃபைல் அப்படியே இருக்கும்னா. அவ சொல்லச் சொல்ல பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடுனேன். பின்னாடியே மணியண்ணனும், செருப்பக்கூடப் போடாம.

அங்க பிரவுசர்லயே ஃபைலத் தெறந்தேன்.

தமிழ் வந்துச்சு. அவரு மூணாவது பேருல வெரல வெச்சாரு. இருந்துச்சுங்க. அவரு அங்கிருந்து வெரல எடுக்கவே இல்ல.

இப்ப கோயமுத்தூர்ல ஐடி வேல. எல்லாம் தானா பேக்கப் ஆயிருது. என்ற லேப்டாப்ல எக்ஸ்எஃப்சிஇங்கற சாதா டெஸ்க்டாப்தான், ஒரு வால்பேப்பர்கூட இல்ல. க்யூப் சுத்திக் காட்டுன அந்தத் திமிரு புள்ளய நெனச்சா கொஞ்சம் ஏக்கமாத்தான் இருக்குது...

ஆனா ஏதாச்சும் சாஃப்ட்வேர எடுக்கறப்ப அந்த மாதிரி லிஸ்ட் வந்துச்சுன்னா, ஸ்கிரீன்ல வெரல் வெச்சு ஒவ்வொரு பேராப் படிக்கறேன். டீம் பசங்க சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். மூணாவது பேருக்கு வந்தா மட்டும் வெரல் தானா நின்னுருதுங்க.