ரயிலுக்கு முதுகு காட்டியவர்

எண்பதுகளின் கடைசியில், பாதுகாத்து வைத்திருந்த பழைய நீராவி எஞ்சினை எப்போதாவது உல்லாசப் பயணத்துக்கு ஓட்டுவார்கள். நாங்கள் சிலர் தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், மோட்டார் சைக்கிளில் அதைத் துரத்திப் படம் பிடிப்போம்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எங்களையும் முந்திக்கொண்டு பறப்பார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். கேமரா கிடையாது. பிறை ஊரைத் தாண்டி, கேட் இல்லாத ஒரு கிராசிங்கில் இறங்குவார். ரோட்டின் நடுவில், ரயிலுக்கு முதுகைக் காட்டி, இரு கைகளையும் விரித்து நிற்பார். ரயில் போகும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் படத்துக்காக, அந்த இடத்தில் கரும்புகை விடும்படி டிரைவரைக் கெஞ்சியிருந்தேன். விட்டார். புகை ரோட்டையே மூடியது. உள்ளே ஒரு லோரி பிரேக் அடிக்கும் சத்தம். புகை விலகியபோது, அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் லோரி நின்றிருந்தது.

"செத்திருப்பீங்களே அண்ணே!" என்று ஓடினேன்.

"பாய்லர் குழாய்ல கரி அடைஞ்சா, நெருப்புல ஒரு சட்டி மணல் அள்ளிப் போடுவோம் தம்பி. இப்படித்தான் கறுப்பா வரும். அப்ப நான் எஞ்சின்ல பயர்மேன்லா. ஒருநாள் இதே எடத்துல போட்டேன். சைக்கிளோட நின்ன பொம்பள, லோரிக்காரன் கண்ணுக்குத் தெரியல."

வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கி யாரு போடச் சொன்னது?"

"தெரியாதுண்ணே."

படம் மிக அழகாக வந்திருந்தது. பிரேம் முழுக்கக் கரும்புகை. ஓரத்தில், விரிந்த ஒரு கை.