எனக்கு மிஞ்சிய இடது கால்

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நீரிழிவு வியாதி கொண்டுபோய்விட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். வியாதி பாதிதான், மீதி என் பிடிவாதம். சபையாருக்கு முன்னால் அதை மறைக்காமல் சொல்கிறேன். ஏனென்றால் என் இடது காலைக் காத்தது தேவன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் எனக்குத் தையல் கடை. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்த வருடங்கள் அவை. எனக்கும் வெறி பிடித்திருந்தது. ஆலயத்தில் யாராவது மலையாளப் பாட்டு எடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பேன். எல்லை நமக்குச் சாதகமாக முடியும்வரை செருப்பு போடுவதில்லை என்று பொருத்தனையும் செய்தேன். கர்த்தர் என்னிடம் கேட்காத பொருத்தனை அது.

அந்த வருடம் ஆனி மாதம்தான் எனக்கு நீரிழிவு என்று தெரிந்தது. நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தும், செய்ய வேண்டியதை அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்கு அது நன்றாகவே வாசிக்க வரும். வீம்புக்கு வாசிக்கவில்லை. நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் சட்டை அளவு குறித்தேன். சர்க்கரை கூடாது என்று டாக்டர் வாயால் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அதனால் கருப்பட்டிக் காப்பி குடித்தேன். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை மூன்று வேளையும் தின்றேன்.

ஆவணியில் ஒருநாள் என் மனைவி தபீத்தாள் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மிதியில என்னவோ ஒட்டியிருக்கு. ஒங்களுக்க காலைக் கொஞ்சம் காட்டுங்க."

வலது உள்ளங்காலில் ஒடிந்த ஊசி ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் சீழ். எத்தனை நாளாக இருந்ததோ, வலிக்கவே இல்லை. வலிக்காததை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன். ஊசியைப் பிடுங்கிவிட்டு, உப்பு போட்ட வெந்நீரில் இரண்டு கால்களையும் வைத்தேன்.

"இப்படிக் கொதிக்குதே, பொறுக்குதா?" என்று கேட்டாள்.

"சுகமாக்கும் இருக்கு. இன்னும் ஊத்து" என்றேன்.

நாலாம் நாள் வலது கால் விரல்கள் கறுத்தன. காய்ச்சல் கொளுத்தியது. கலவரத்தால் பஸ் ஓடவில்லை. இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். பிறகு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்தபோது, செத்திருக்கலாமே என்று இருந்தது. அதற்கும் மேலே டாக்டர் என் இடது குதிகாலைக் காட்டினார். வெந்நீர் பட்ட கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. இதுவும் கறுத்தால் இதையும் எடுக்க வேண்டிவரும் என்றார். இரண்டு காலும் இல்லாத தையல்காரன் மெஷினை எதைக்கொண்டு மிதிப்பான்? தபீத்தாளுக்கு எப்படிச் சோறு போடுவான்?

"ஆண்டவரே, போனது போகட்டும். இந்த ஒரு காலை எனக்குத் தாரும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், செய்கிறேன்." மூன்று நாள் எனக்கு வேறு ஜெபமே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஏலியாம்மா என்ற நர்ஸ் வார்டின் நடுவில் நின்று, நீரிழிவுக்காரர்களுக்கு அந்த மலையாளத் தாளை உரக்க வாசித்தார். நான் பழக்கதோஷத்தில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினேன். தபீத்தாள் என் தாடையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க ஆண்டவரிட்ட கேட்டதுக்கு இந்த நர்ஸம்மா பதில் சொல்லுதாங்க. கேளுங்க. கேக்க மாட்டேன்னா இனி ஜெபிக்கவும் வேண்டாம்."

கேட்டேன்.

"எல்லா திவசமும் காலு நோக்கணும்" என்று வாசித்தார். தினமும் காலைப் பார்க்க வேண்டும். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. சுடுநீரில் காலை வைக்கக் கூடாது. இந்த வியாதியில் கால் மரத்துப்போகும், வலி இல்லையென்று நம்பி இருக்கக் கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான். கிழங்கும் சோறு மாதிரிதான். ஒவ்வொரு வரியும் என்னைக் குற்றவாளியாக நிறுத்தியது. வெட்கத்தில் வாய்விட்டு அழுதேன்.

அவரை மறுபடி வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டேன். ஊசி மருந்தை நானே குத்தப் படித்தேன். சிறுநீரை நீல மருந்தில் காய்ச்சி, மாறுகிற நிறத்தை வைத்துச் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கப் படித்தேன். தினமும் இடது காலுக்காக ஜெபித்தேன், தினமும் அதைத் திருப்பிப் பார்த்தேன். புண் கறுக்கவில்லை. வாரக்கணக்கில் ஆகி, மெல்ல மூடியது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

பிறகு எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. எனக்கு அது இன்றும் துக்கம்தான். ஒற்றைக் காலால் மெஷினை மிதிக்கிறேன். வேலை மெதுவாக நடக்கிறது.

உங்களில் நீரிழிவு உள்ளவர்கள் மாலை ஜெபம் முடிந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியிருந்தால் வீட்டிலுள்ளவர்களிடம் காட்டுங்கள். கேட்கிறவனுக்குத் தேவன் பதில் தருவார், நம்புங்கள். அது இன்னார் வாயால்தான் வர வேண்டும் என்று மட்டும் அவருக்குக் கட்டளை போடாதீர்கள். நான் போட்டேன். அதற்கு ஒரு காலைக் கொடுத்தேன்.