தாத்தாவுக்கு ஒரு டம்ளர்

தேனி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தாத்தாவைக் காரில் அழைத்து வந்த அன்று, எங்கள் தெருவிலேயே அதிக சந்தோஷத்தில் இருந்தவள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தாத்தாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு அப்பா அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பத்தியமெல்லாம் வேணாமாம். இனிமே என்ன கேட்டாலும் குடுங்கன்னு சொல்லிட்டாக."

அப்பா அதை எப்படிச் சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை. சேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தாத்தாவின் பத்தியம் எங்கள் வீட்டில் அத்தனை பெரிய விஷயமாக இருந்தது. சர்க்கரைக்காக இனிப்பு கூடாது, பிரஷருக்காக உப்பு கூடாது, வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு காரமும் கறியும் கூடாது. சொந்தத் தோட்டத்தில் பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்க, அதில் ஒரு பழம் வாயில் போட அவருக்கு அனுமதி இல்லை. எனக்குத் தெரிந்து டாக்டர் என்பவர் எதையாவது கூடாது என்று சொல்பவர். அவரே எல்லாம் கூடும் என்று சொல்லிவிட்டார் என்றால் நோய் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

பலசரக்குக் கடைக்காரரிடம் முதலில் சொன்னேன். அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கடலை மிட்டாயை எடுத்து, கேட்காமலே என் கையில் வைத்தார். எதிர்வீட்டு அத்தை, "அப்பிடியா சொன்னாக?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சுப்பழம், பன், பிஸ்கட் பொட்டலம் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்துகூட வந்தார்கள். தாத்தாவுடன் வரப்புத் தகராறில் பல வருஷம் பேசாமலிருந்தவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். நல்ல சேதி கேட்டு வந்தவர்கள் என்று, நானே ஓடி ஓடி நாற்காலி போட்டேன்.

அம்மா அந்த வாரம் முழுவதும் அடுப்பை விட்டு நகரவில்லை. எலும்புக் குழம்பு வைத்தாள், பணியாரம் சுட்டாள், இனிப்பு போட்டுப் பால் காய்ச்சினாள். தாத்தா ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளிவிடுவார். அவர் இளைத்துக்கொண்டே போனார். நான் நன்றாகப் பெருத்தேன்.

அவருக்கு என்ன வேண்டும் என்று அப்பா ஒருநாள் கட்டிலருகே குனிந்து கேட்டார். தாத்தா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்றார். அந்தப் பார்வை அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு டம்ளர் பீர் குடித்தால் பசி எடுக்கும், நீர் பிரியும், தூக்கம் வரும், டாக்டரும் தடை சொல்லவில்லை என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், இந்த வீட்டுக்குள் பாட்டில் வராது என்றாள்.

அதற்குக் காரணம் என் தாய்மாமன். அம்மாவுக்கு ஒரே தம்பி. கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனவர், குடித்துக் குடித்தே கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இலை போட்டுக் கும்பிட வேறு ஆளில்லை. புகுந்த வீட்டில் தம்பிக்குப் படைப்பது முறையா என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தபோது, தாத்தாதான் அவர்கள் வாயை அடைத்தார். "புள்ளகுட்டி இல்லாம போனவன் வேற எங்கன போவான்? இங்கனயே வையித்தா" என்று மருமகளிடம் சொன்னாராம். ஆடி அமாவாசைதோறும் எங்கள் வீட்டில் தாய்மாமனுக்கு ஓர் இலை விழும். செத்தவர் குடிக்கிறவராக இருந்தால் இலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் ஊற்றி வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அம்மா அதை மட்டும் செய்ய மாட்டாள். அவன் உசுரக் குடிச்சத அவனுக்கே ஊத்தி வைக்கவா என்று கேட்பாள். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர்தான் இருக்கும்.

பீர் விஷயத்தில் அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பழம் வெட்டி லாரி ஏத்திவிட்டா அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பாட்டில் குடிப்பாரு. அது ஒண்ணுதான் அவருக்கு இருந்த ஆசை. ஒன் தம்பி செத்த அன்னைக்கு அதையும் விட்டாரு. யாருக்காக விட்டாரு?"

அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டாள். உள்ளே படுத்திருந்த தாத்தாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "வேணாந்த்தா. அவன் பேச்சு கெடக்கட்டும். நீ வேலையப் பாரு" என்று மெல்லிய குரலில் சொன்னார். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு அப்பாவிடம், போகும்போது பையை எடுத்துக்கொண்டு போங்க, வெறும் கையில் தூக்கிக்கொண்டு தெருவழியே வர வேண்டாம் என்றாள்.

அப்படியாக எங்கள் வீட்டுக்குள் பீர் வந்தது. அப்பா பையை அடுப்படியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். அம்மா அதற்கு முன் பீர் பாட்டிலைத் தொட்டதில்லை. மூடியைத் திறக்கவே கதவிடுக்கில் கொடுத்து மல்லுக்கட்டினாள். எங்கள் வீட்டில் மருந்து என்றால் சுட வைத்துக் கொடுப்பதுதான். அதனால் அவள் அதைச் சட்டியில் ஊற்றி, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, கருப்பட்டி ஒரு துண்டு சேர்த்து அடுப்பில் ஏற்றினாள். அது நுரைத்துப் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. மிஞ்சியதை வடிகட்டி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தாத்தா ஒரு வாய் குடித்தார். டம்ளரை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எப்பிடி இருக்கு மாமா?"

"நல்லாருக்குத்தா."

அன்று ராத்திரி ஓர் இட்லியை முழுதாகச் சாப்பிட்டார். எனக்கு அந்த மருந்தின் மேல் அபாரமான நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் கசாயம் தினமும் சாயங்காலம் தயாரானது. ஒரு வாரத்துக்குப் பிறகுதான் அப்பா அடுப்பில் சட்டி இருப்பதைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். அம்மா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பீரைக் குளிர வைத்துக் குடிப்பார்கள், காய்ச்ச மாட்டார்கள் என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சுவரைப் பார்த்து நின்றவருடைய தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் சிரிப்பு அடங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா தாத்தாவிடம் போய், ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டாள். நீ இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சியதை எப்படி வேண்டாம் என்பது என்றார் அவர்.

மறுநாளிலிருந்து பாட்டிலை ஈரச்சாக்கில் சுற்றித் தோட்டத்து மோட்டார்த் தொட்டியில் போட்டு வைத்து, வெயில் தாழ்ந்ததும் அப்பா கொண்டுவருவார். ஒரு டம்ளர்தான். அதற்கு மேல் தாத்தா கேட்டதில்லை. ஜன்னல் வழியே மேற்குமலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். மீசையில் நுரை ஒட்டியிருக்கும். முதலில் டம்ளரைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிற அம்மா, பிறகு அவர் குடித்து முடிக்கும் வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். நானும் கூட இருப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் தாத்தா யாரும் கேட்காமலே சொன்னார்.

"ஒந்தம்பி எங்கூட ஒரு தடவ உக்காந்து குடிச்சிருக்கான். பழம் வெட்டுன அன்னைக்கு, பந்தலுக்கு அடியில. அன்னைக்கு என்னமாப் பாடுனான் தெரியுமா?"

அம்மா தலைகுனிந்து சேலைக் கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். என்ன பாட்டு என்று கேட்டாள். அது மறந்துபோச்சு, குரல் மட்டும் காதில் இருக்கிறது என்றார் தாத்தா. தன் தம்பி பாடுவான் என்பதே தனக்குத் தெரியாது என்றாள் அம்மா.

அடுத்த பழம் வெட்டுவதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். கடைசி நாட்களில் டம்ளரை உதட்டில் வைத்து நனைப்பதோடு சரி. மருந்து பத்தாமல் போனதால்தான் இப்படி ஆகிவிட்டது, அப்பா இன்னும் நிறைய வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்பாவின் மேல் கோபம்.

பதினாறாம் நாள் படையல். அம்மா தலைவாழை இலை விரித்து, தாத்தா ஒரு வாயோடு ஒதுக்கிய எல்லாவற்றையும் மறுபடி செய்து பரிமாறினாள். எலும்புக் குழம்பு, பணியாரம், எங்கள் பந்தலில் பறித்த திராட்சை. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே போய் ஈரச்சாக்கு சுற்றிய பாட்டிலைக் கொண்டுவந்தாள். அப்பா கைநீட்டியும் கொடுக்கவில்லை. தானே திறந்தாள். இப்போது அவளுக்குத் திறக்கத் தெரிந்திருந்தது. தாத்தாவின் எவர்சில்வர் டம்ளரில் நுரை வழியாமல் சாய்த்து ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு இன்னொரு டம்ளரை எடுத்து அதிலும் ஊற்றி, அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ வேறு கவலை. தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், மருந்தின் அளவு எனக்குத் தெரியும். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னேன்.

"ரெண்டு டம்ளர் குடிச்சா தாத்தாவுக்கு ஒத்துக்குமாம்மா?"

அம்மாவின் கண் நிறைந்திருந்தது. "தாத்தாவுக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து நான் கேட்கப்போகிற கேள்விக்காகக் காத்திருந்தாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, அளவு தப்பவில்லை என்ற நிம்மதியில் கும்பிட்டுவிட்டு, பணியாரம் எப்போது தருவார்கள் என்று பார்க்கப் போய்விட்டேன்.