நெய்வாவுக்கு நிழல் கேட்டவள்

யனேத் பெர்தோமோவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளத் தெரியாது. பொகோட்டாத் தலைமை அலுவலகத்தில் அவளுக்கென்று ஜன்னலோரமாக ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதில் அவளைவிட அவள் கைப்பை உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். போன் பேசினால் நடந்துகொண்டே பேசுவாள். கூட்டத்தில் நின்றுகொண்டே கேட்பாள். கட்டிய கணவன்கூட, "உன்னோட குடித்தனம் நடத்துறது பஸ் ஸ்டாண்டுல குடியிருக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பிரிந்துபோனான். அவள் அதற்கு அழவில்லை. அவன் சொன்னதில் தப்பில்லையே என்று யோசித்தபடி அன்று மாலை முழுக்க ஊரைச் சுற்றினாள்.

அவள் வேலையும் அவளுக்கு ஏற்றதாகவே அமைந்தது. கம்பெனிக்குப் பொகோட்டாவில் ஒன்று, பெரெய்ராவில் ஒன்று, நெய்வாவில் ஒன்று என மூன்று பொழுதுபோக்குப் பூங்காக்கள். பெரிய விளையாட்டு இயந்திரம் ஒன்று வாங்குவதென்றால் மூன்றுக்கும் வாங்க முடியாது. எந்த ஊருக்கு, என்ன மாதிரி என்று பார்த்துச் சொல்வது யனேத்தின் பொறுப்பு. கூட்டம் எங்கே தேங்குகிறது, எந்த வரிசையில் நிற்பவர்கள் அலுத்துப்போய் விலகுகிறார்கள், குழந்தையோடு வந்தவர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று பூங்கா பூங்காவாகச் சுற்றுவாள். வாசலில் நின்று, போகிறவர்களை மறித்துப் பேச்சுக் கொடுப்பாள்.

அந்த வருஷம் ஒரு ரோலர் கோஸ்டர் வாங்குவதென்று முடிவாகியிருந்தது. பணப்பொறுப்பு பார்க்கும் ஃபாபியோ உர்ரேகோவுக்கு அதை நெய்வாவில் வைக்க ஆசை. சில வருஷங்களாக நெய்வாவில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

"சீக்காளிக்குத்தானே மருந்து குடுக்கணும்?" என்றார் அவர். "போய்ப் பாத்துட்டு வா யனேத். உன் ஊரு வேற. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த வாரமே ஆர்டர் போட்டுடலாம்."

நெய்வா அவள் பிறந்த ஊர். அந்தப் பூங்கா வாசலில்தான், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, உள்ளே போகிறவர்களின் மணிக்கட்டில் முத்திரை குத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் எவெலியோ இன்னும் அங்கேதான் மெக்கானிக். ராட்டினத்தின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரத்துக்கு எண்ணெய் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவான் என்பது அவனைப் பற்றி அவனே பரப்பிய புகழ்.

பஸ் நிலையத்துக்கே வந்து காத்திருந்தான் எவெலியோ.

"என்ன தாயி, ரயில் நமக்குத்தானே?" ரோலர் கோஸ்டரை அவன் ரயில் என்றுதான் சொல்வான்.

"இன்னும் முடிவாகலண்ணே. பாக்கணும்."

"பாக்க என்ன இருக்கு? பொறந்த ஊரையா அளந்து பாக்கப்போற?" என்று சிரித்தான். "நானும் கிழவனாகப் போறேன். சாகறதுக்கு முன்னாடி ஒரு நல்ல மெஷினத் தொட்டுப் பாக்கணும். இங்க இருக்கறதெல்லாம் நம்மப்பன் காலத்து இரும்பு."

அவள் பையை மாற்றுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூங்காவில் அவள் கால் தரையில் பாவவில்லை. காலையில் நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாக, வெள்ளைத் தொப்பியும் சோற்றுப் பொட்டலமுமாக வந்தார்கள். உச்சி வெயில் ஏற ஏற, வந்த வழியே திரும்பினார்கள். பிற்பகலில் பாதிப் பூங்கா காலி. ராட்டினம் வெறும் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. வெளியே போன ஒரு பெண்ணை நிறுத்தினாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னம் சிவந்து கன்றியிருந்தது.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களே, பிடிக்கலியா?"

"பிடிக்காம என்ன? தலை பொசுங்குதும்மா. புள்ளையக் கீழ இறக்கிவிட ஒரு மரத்தடி உண்டா இங்க? இரும்புப் பெஞ்சுல உட்கார்ந்தா இட்ட சூடு வீடுவரைக்கும் வருது."

கல்லூரிப் பையன்கள் சிலரைக் கேட்டாள். ரோலர் கோஸ்டர் வந்தால் வருவோம் என்றார்கள். எத்தனை தடவை என்று கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு தடவை ஏறிப் பாத்துட்டா போதாதா அக்கா?"

யனேத் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நெய்வா சின்ன ஊர். சுற்றுவட்டாரத்திலும் பெரிய நகரம் கிடையாது. அதே குடும்பங்கள்தான் திரும்பத் திரும்ப வரவேண்டும். அவர்களுடைய கைக்குழந்தையும் மாமியாரும் ரோலர் கோஸ்டரில் ஏறப்போவதில்லை. முதல் வருஷம் சுவரொட்டி பார்த்துக் கூட்டம் அள்ளும். மறுவருஷம் அதே வெயில், அதே காலி மைதானம், நடுவில் அத்தனை பெரிய இரும்பு.

ஞாயிறு மாலை பட்டறைக்குப் பின்னால் எவெலியோவும் கூட்டாளிகளும் விருந்து வைத்திருந்தார்கள். புளிப்பு நாரத்தைச் சாற்றில் ஊறவைத்து மண் அடுப்பில் வேகவைத்த பன்றிக்கறி, சோளக்கட்டி, குளிர்ந்த பீர். டிக்கெட் கவுண்டர் பெண்கள், பஞ்சுமிட்டாய்க்காரர், துப்புரவு ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். எவெலியோ கோப்பையை உயர்த்திப் பிடித்து, "நம்ம ஊருக்கு ரயில் கொண்டுவரப்போற என் தங்கச்சிக்கு" என்றான்.

யனேத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்குமங்கும் நகர்ந்தாள்.

"ரயில் இங்க வரக்கூடாதுண்ணே" என்றாள். வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்ள நினைத்தது வெளியே வந்துவிட்டது.

பஞ்சுமிட்டாய்க்காரர் பீர் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன?" என்றான் எவெலியோ.

"இந்த ஊருக்கு அது தாங்காது. மத்தியானம் நிக்க நிழலில்ல, ஜனம் ஓடிப்போகுது. கூரை வேணும், தண்ணி வேணும். புள்ளைங்க நனைஞ்சு விளையாட…"

"தண்ணிக் குழாய் வாங்கித் தர்றேன்னு சொல்லத்தான் பொகோட்டாவுலேர்ந்து வந்தியா?" எவெலியோவின் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "தோட்டக்காரன்கிட்ட சொல்லு, அவனே பீச்சியடிப்பான்."

யாரோ சிரித்தார்கள். எவெலியோ சிரிக்கவில்லை. மறுநாள் அவளை வழியனுப்பவும் வரவில்லை.

பொகோட்டாவில் உர்ரேகோ முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இந்த ஊரில், பொகோட்டாவில், ஏற்கெனவே வாசல்வரை வரிசை நிற்கிறது, இங்கே புதிதாக ஒன்று வைத்தால் வரிசை இடம் மாறுமே தவிரக் கூட்டம் கூடாது. பெரெய்ராவுக்குப் பக்கத்தில் வேறொருவர் பூங்கா திறக்கப்போகிறார். ரோலர் கோஸ்டர் அங்கேதான் போகவேண்டும், இல்லையென்றால் இருக்கிற கூட்டமும் கைமாறிவிடும். நெய்வாவுக்குக் கூரையும் தண்ணீர் விளையாட்டும்.

உர்ரேகோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரெய்ரா சரி, ஒத்துக்கறேன். ஆனா நிழலைப் படம் புடிச்சு சுவரொட்டியில போட முடியுமா யனேத்? ரோலர் கோஸ்டரே நெய்வாவக் காப்பாத்தாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் அந்தப் பூங்கா எதுக்கு? அந்த நிலத்தக் கேட்டு ஒரு சூப்பர் மார்க்கெட்காரன் நடையா நடக்கறான்."

யனேத்துக்கு, நல்லது செய்யப்போய் ஊருக்கே உலை வைத்துவிட்டோமோ என்று தோன்றியது. அன்று முழுக்க அவள் அவரை விடவில்லை. அவர் சாப்பிடப் போனால் கூடவே போனாள், லிஃப்டில் ஏறினால் கூடவே ஏறினாள். கடைசியில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு சீசன் குடுங்க சார். ஜனம் சாயங்காலம்வரைக்கும் இருக்கலைன்னா நீங்களே வித்துடுங்க."

"உன் அண்ணன் அங்கதானே வேலை பாக்கறான்?"

"ஆமா சார்."

"வித்தா அவன் வேலையும் போயிடும். தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான்."

உர்ரேகோ அவளையே பார்த்துவிட்டு, "கதவ விடு, வீட்டுக்குப் போகணும்" என்றார். மறுவாரம் சம்மதம் வந்தது.

ஜூன் கடைசியில் நெய்வாவே திரளும் சான் பெத்ரோ திருவிழாவுக்கு முன்பே வேலை முடிந்தது. பெரிய துணிக்கூரைகள், வேகமாக வளரும் மரக்கன்றுகள், தரையிலிருந்து பீறிட்டெழும் நீர்த்தாரைகள், தலைமேல் கவிழும் வாளிகள். திறந்த முதல் வாரம் வானம் பொத்துக்கொண்டது. மழையில் நனைய யாராவது டிக்கெட் எடுப்பார்களா? இரண்டாவது வாரமும் அப்படியே. யனேத் நெய்வாவில் ஒரு அறை எடுத்துத் தங்கி, வாசலுக்கும் நீர்த்தாரைக்கும் நடுவே நடையாய் நடந்தாள். நகத்தைக் கடித்துச் சதையில் ரத்தம் பார்த்தாள். சூப்பர் மார்க்கெட் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து மதிலோரம் நிலத்தைப் பார்த்துப்போனதாகக் காவலாளி சொன்னார். எதிரே வந்தால் எவெலியோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் பெரெய்ராவுக்கு மாற்றல் கேட்டிருப்பதை மேனேஜர்தான் அவளிடம் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ஊருக்காகத்தான் அவன் சண்டை போடுகிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த இயந்திரம்தான். வாய்விட்டு அவன் சொல்லியும் அவள் காதில் வாங்கவில்லை.

பிறகு மழை விட்டது, வெயில் கொளுத்தியது. அந்த ஞாயிறு உச்சிப்பொழுது தாண்டியும் யாரும் கிளம்பவில்லை. கூரைக்கடியில் பாயை விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிள்ளைகளை இழுத்துப்போக முடியாமல் அம்மாக்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். தலை காய்ந்ததும் பிள்ளைகள் ராட்டினம் ஏறி, இறங்கி, மறுபடி நனையப் போனார்கள். சாயங்காலம் ஐஸ் விற்கிறவர்களிடம் ஐஸ் தீர்ந்தது. அடுத்தடுத்த வாரமும் அப்படியே நடந்தபிறகுதான் யனேத் உர்ரேகோவுக்குப் போன் போட்டாள்.

"விக்கற பேச்ச நிறுத்திட்டேன்" என்றார் அவர். "பொழைச்சுப்போச்சு உன் பூங்கா."

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த வாரமே பெரெய்ராவுக்குப் பஸ் ஏறினாள்.

ரோலர் கோஸ்டருக்குச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி விட்டிருந்தார்கள். நீலநிறப் புதுச்சட்டையில் எவெலியோ தண்டவாளத்துக்குக் கீழே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஊர்ல கூட்டம் நல்லா இருக்காமே. நீ சொன்னதுதான் சரி போல."

"அண்ணே…"

"இரு, சொல்லிடறேன். சொன்ன விஷயத்துக்கு எனக்குக் கோபமில்ல. எல்லார் முன்னாடியும் கோப்பையத் தூக்கிட்டு முட்டாள் மாதிரி நின்னேனே, அதுதான் இன்னும் ஆறல. அதுக்கு முன்னாலயே எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்ணே. பயந்துட்டேன்."

"எனக்கா?" என்று கேட்டான். அவனுக்கு அது புதிதாக இருந்தது.

வண்டி உச்சியில் ஏறி, ஒரு கணம் நின்று, கீழே பாய்ந்தது. எவெலியோ பேச்சை மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு களையை அவள் பார்த்ததே இல்லை. நெய்வா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டதாகவும், இனி அங்கே போனால் விருந்தாளியாகத்தான் போவதாகவும் அப்புறம் சொன்னான்.

உர்ரேகோவிடமிருந்து செய்தி வந்தபோது அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பொகோட்டாப் பூங்காவில் பேய்வீடு பழசாகிவிட்டது, இடிக்கலாமா வேண்டாமா என்று வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.

"போ, உனக்குக் கால் பரபரக்குது" என்றான் எவெலியோ.

"காப்பிய முடிச்சிட்டுப் போறேன்" என்றாள் யனேத்.